எண் இருந்தது, வழக்கு இல்லை

வழக்கில் தோற்பது வேறு, வழக்கே பதிவாகாமல் போவது வேறு. தோற்றவரின் கையில் காரணம் சொல்லும் தீர்ப்பாவது மிஞ்சும். கொல்கத்தா லேக் கார்டன்ஸில் வாடகை வீட்டில் வாழ்ந்த ஒரு தமிழ் அம்மையாருக்கு அதுவும் மிஞ்சவில்லை.

அவருடைய கணவர் மத்திய அரசு ஊழியர். பணியில் இருக்கும்போதே காலமானவர். குடும்ப விவரம் தரும் படிவம் 3-ஐ அவர் கொடுத்திருக்கவில்லை என்பதால், ஆதாரம் போதாதென்று அலுவலகம் குடும்ப ஓய்வூதியத்தை மறுத்தது. அம்மையாரிடம் இருந்ததோ கும்பகோணம் வட்டாட்சியர் தமிழில் வழங்கிய வாரிசுச் சான்றிதழ். மறுப்பை எதிர்த்து அவர் போன மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் மொழி ஆங்கிலம். இந்தி ஆவணங்களுக்கும் இடமுண்டு. தமிழ்ச் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். முதலில் மனுப் போட்ட வழக்கறிஞர் அதை இணைக்கவில்லை. மறுப்பு ஆணையின் சான்றிட்ட நகலையும் வைக்கவில்லை.

தீர்ப்பாயத்தின் 1987-ஆம் ஆண்டு நடைமுறை விதிகளின்படி, மனுவில் குறை இருந்தால் பதிவாளர் அவகாசம் தரலாம். அதற்குள் சரிசெய்யாவிட்டால், காரணத்தை எழுதிவைத்து, பதிவுசெய்ய மறுக்கலாம். விதியில் அநியாயம் இல்லை. எந்த ஆணையை எதிர்க்கிறோம் என்று காட்டாமல் எதிர்த்தரப்பைப் பதில் சொல்லச் சொல்ல முடியாது. ஆனால் குறைப்பட்டியல் போவது வழக்கறிஞரிடம். அவர் பேசாமல் இருந்துவிட்டால், மனுதாரருக்குத் தெரியாமலே போகலாம்.

பல ஆண்டுகள் கழித்து அம்மையார் வேறு வழக்கறிஞர்களான எங்களிடம் வந்தபோது, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். “நம்பர் குடுத்திருக்காங்களே சார், கேஸ் நடந்துக்கிட்டுதானே இருக்கு?” என்றார். அது டைரி எண். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளம், அவ்வளவுதான். குறைகள் தீர்ந்த பிறகே வழக்கு எண் கிடைக்கும். அந்த எண் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

புதிதாக மனுப் போட்டோம். 1985-ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டம் தரும் காலவரம்பு ஓராண்டுதான். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்பதையும், நிலுவை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்றாண்டுகளுக்கே கிடைக்கும் என்பதையும் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லியிருந்தது. முதல் பாதி எங்களைக் காப்பாற்றியது, பின்பாதி கைவிட்டது. மூன்றாண்டை முதல் மனுவிலிருந்து கணக்கிடுங்கள் என்று வாதாடினோம். பதிவாகாத மனுவுக்குத் தேதி ஏது என்று எதிர்த்தரப்பு கேட்டது, அதுவே நின்றது. ஓய்வூதியம் வந்தது. இடையில் போன ஆண்டுகளின் பணம் வரவில்லை.

சரிசெய்யக்கூடிய நடைமுறைக் குறை ஒருவரது உரிமையை விழுங்கிவிடக் கூடாது என்பதை 2005-இல், வக்காலத்து இணைக்காத ஒரு மேல்முறையீட்டில், உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அந்த அக்கறை பதிவாளர் மேசைக்கும் வர வேண்டும். குறைப்பட்டியலின் நகல் ஒன்று மனுதாரரின் வீட்டு முகவரிக்கும் போனால், இத்தகைய இழப்புகளில் பலவற்றைத் தடுக்கலாம்.

அதுவரை, வழக்குப் போட்டவர்கள் தங்கள் வழக்கறிஞரிடம் தயங்காமல் கேளுங்கள்: வழக்கு எண் வந்துவிட்டதா, குறை ஏதும் சொல்லியிருக்கிறார்களா, அடுத்த தேதி எது? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.