வாய்ச்சொல் வார்னிங் எந்தப் பதிவேட்டில் ஏறும்?

"போலீஸ் வண்டிய நிப்பாட்டி, 'இந்தத் தடவ வார்னிங்கோட விடறேன்'னு அனுப்பிட்டாங்க அண்ணே. இது லைசென்ஸ்ல ஏறுமா?"

பயிற்சி முகாம்களில் தவறாமல் வரும் கேள்வி இது. சட்ட வகுப்பு நடக்கும்போது யாரும் கேட்பதில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டுக் கழுவும் இடத்தில்தான் மெல்ல வந்து கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் காவலர் தேர்வுக்கோ குரூப் தேர்வுக்கோ படிப்பவர்கள், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவர்கள். அவர்களை உறுத்துவது ஆயிரம் ரூபாய் அபராதம் அல்ல, நாளைக்கு வரப்போகும் வெரிஃபிகேஷன்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறாது. சலான் போட்டால்தான் பதிவு. இ-சலான் போடப்பட்டதா என்பதை வண்டி எண்ணையோ உரிம எண்ணையோ கொடுத்துப் பரிவாகன் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஹெல்மெட் இல்லாவிட்டாலும், ஒரே வண்டியில் மூன்று பேர் போனாலும், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் உரிமத் தகுதியிழப்பும் சட்டத்தில் இருக்கிறது. உண்மைதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி உரிமத்தை முடக்குவதென்றால், உரிமம் வழங்கும் அதிகாரி உங்கள் பக்கத்தைக் கேட்கவேண்டும், காரணத்தை எழுத்தில் பதிந்து உத்தரவு போடவேண்டும். ரோட்டில் நிற்பவர் வாயால் சொன்னதை வைத்து அது நடக்காது.

வெரிஃபிகேஷனுக்குப் பயப்படுகிறவர்கள் கவனிக்கவேண்டியது வேறு. சலான் வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. கண்மூடித்தனமாக ஓட்டினார் என்று பாரதிய நியாய சன்ஹிதா 281-ஆம் பிரிவில் (பழைய இ.பி.கோ. 279) வழக்குப் பதிந்தால் அது குற்ற வழக்கு. காவலர் தேர்வில் நிலுவையிலுள்ள குற்ற வழக்கு உங்கள் வேலையையே காலிசெய்துவிடும். எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம் போன்ற சில வகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. "வார்னிங்தான், ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ" என்றால் அது வாய்மொழி எச்சரிக்கை இல்லை. எந்தத் தாள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்து போடாதீர்கள். வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள். பழைய 107, 109, 110 பிரிவுகள் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126, 128, 129 என்று வந்திருக்கின்றன. நன்னடத்தைப் பிணை கேட்கும் பிரிவுகள் அவை. நம் தெருப் பையன்களுக்கு அந்த எண்கள் மனப்பாடம், மாறியது மட்டும் பலருக்குத் தெரியாது.

கேள்விக்கான பதில் இதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. ஏனென்றால் எங்கேயும் ஏறாத வார்னிங்தான் என்னைப் பல வருடமாக உறுத்துகிறது.

கல்லூரி முடித்த புதிதில் நானும் ஒரு நண்பனும் ஆளுக்கொரு வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். ஊர் எல்லையில் பேப்பர் செக்கிங். இருவரிடமும் எல்லாம் சரியாக இருந்தது, ஹெல்மெட் உட்பட. அவனிடம் "எந்த ஊரு?" என்றார்கள். சொன்னான். பக்கத்து ஊர்ப் பெரிய குடும்பம் ஒன்றைச் சொல்லி, அவர்களுக்கு உறவா என்று விசாரித்து, பார்த்துப் போப்பா என்று அனுப்பினார்கள். என் வண்டி முகப்பில் நீலத்தில் ஒரு அம்பேத்கர் ஸ்டிக்கர். என்னிடமும் அதே கேள்வி. அதே ஊரைத்தான் சொன்னேன். அடுத்த கேள்வி அவனுக்கு வராதது: "ஊரா, காலனியா?" சாவியைப் பிடுங்கிக்கொண்டு அரை மணி நேரம் வெயிலில் நிற்கவைத்தார்கள். கடைசியில் சாவியைத் தூக்கிப் போட்டு, "இது வார்னிங்" என்றார் ஒருவர். எதற்கு வார்னிங் சார் என்றேன். "ஓவராப் பேசாத" என்றார்.

('காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ரோட்டோர விசாரணையிலிருந்து அது நீங்க நாளாகும்.)

இப்போது அந்த நாளின் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். நண்பனுக்கு எதிரே ஒன்றுமில்லை. எனக்கு எதிரேயும் ஒன்றுமில்லை. காகிதத்தில் நாங்கள் இருவரும் சமம். சலான் என்றால் எத்தனை பேருக்குப் போட்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். யாரை நிறுத்தினார்கள், யாரை எவ்வளவு நேரம் நிற்கவைத்தார்கள், யாரைச் சிரித்து அனுப்பினார்கள் என்பதை எந்த மனுவில் கேட்பது? எழுதாத ஒன்றுக்கு நகல் கிடைக்காது. பதிவில் ஏறாததால் உங்கள் உரிமம் தப்பிக்கிறது. அதே காரணத்தால் அவர்களும் தப்பிக்கிறார்கள்.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இந்த முடிச்சை முன்பே கண்டுகொண்டார்கள். 'கறுப்பராக வண்டி ஓட்டிய குற்றம்' என்று கசப்போடு சொல்வார்கள். இல்லினாய் மாநிலத்தில், ஒபாமா மாநில செனட்டராக இருந்தபோது முன்னின்று கொண்டுவந்த 2003-ஆம் ஆண்டுச் சட்டம், போலீஸ் நிறுத்தும் ஒவ்வொரு வண்டிக்கும் ஓட்டியவரின் இனத்தையும் முடிவையும் பதியச் சொன்னது. வாயால் எச்சரித்து அனுப்பினாலும் பதியவேண்டும். இப்படிப் பல மாநிலங்களில் சேர்ந்த ஏறக்குறைய 10 கோடிப் பதிவுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2020-இல் வெளியிட்டார்கள். இருட்டிய பிறகு, ஓட்டுபவரின் நிறம் தெரியாத நேரத்தில், நிறுத்தப்படுவோரில் கறுப்பர்களின் பங்கு குறைந்தது. வாதாடி நிறுவ முடியாததைக் கணக்கு நிறுவியது.

அப்படியானால் இங்கேயும் ரோட்டில் சாதி கேட்டு எழுதச் சொல்கிறாயா என்று தோழர்கள் சண்டைக்கு வருவார்கள். இப்போதும் கேட்கத்தான் செய்கிறார்கள், எழுதுவதில்லை, அவ்வளவுதான். ஆனாலும் போலீஸ் கையில் இன்னொரு சாதிப் பட்டியலைக் கொடுக்க எனக்கு மனமில்லை. முகத்தைப் படமெடுத்து அடையாளம் தேடும் மென்பொருள் தமிழ்நாடு காவல்துறையில் 2021-இலிருந்து இருக்கிறது. ஐதராபாத்தில் அதே ஆண்டு ஊரடங்கின்போது ரோட்டில் நிறுத்தி முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படமெடுக்கப்பட்ட ஒரு சமூகச் செயற்பாட்டாளர், தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கே போனார். வார்னிங் ஏறாத இடத்தில் உங்கள் முகம் ஏறிவிடலாம்.

நாம் வண்டி ஓட்டுவதே சிலர் கண்ணில் குத்துகிறது என்பது கற்பனை இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: பொது இடத்தில் தலித் அவற்றை ஓட்டுவதைத் தடுப்பது குற்றம், பிரிவு 3(1)(za). அப்படி ஒரு வரி தேவைப்பட்ட நாடு இது. பத்து வருடம் கழித்து, 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டியதற்காகக் கையில் வெட்டினார்கள் என்று ஒரு தலித் கல்லூரி மாணவரின் குடும்பம் புகார் கொடுத்தது. அதே சட்டத்தின் 3(1)(s), பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்குகிறது. ரோடு பொதுமக்கள் பார்வையில் உள்ள இடம்தான். எந்தத் தெரு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் அப்படித் திட்டினால், காக்கிச்சட்டை அவருக்குக் கவசமாகாது. பொது ஊழியர் என்றால் 3(2)(vii) குறைந்தது ஓராண்டுச் சிறை என்கிறது. சாட்சி வேண்டும், அதுதான் கஷ்டம். டீக்கடைக்காரர், பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன், அந்த நேரத்தில் நீங்கள் வீட்டுக்குப் போட்ட போன், எல்லாமே உதவும்.

அதனால் எங்கள் பகுதி மாணவர்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். தேதி, நேரம், இடம், சட்டையிலிருந்த பெயர், எத்தனை நிமிடம் நிற்கவைத்தார்கள், கேட்ட கேள்வி அப்படியே வார்த்தை மாறாமல், முடிவு என்ன. கூட வந்தவனை எப்படி நடத்தினார்கள் என்பதற்குத் தனிக் கட்டம். சலான் விழுந்தாலும் விழாவிட்டாலும் அன்றிரவே எழுதவேண்டும், மறுநாள் எழுதினால் வார்த்தை மாறிவிடும். அடையாளம் தெரியும் விவரத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். நோட்டு ஒருவரிடமே இருக்கட்டும்.