கெட்டி மேளத்துக்குப் பிறகு

பழைய கல்யாண கேசட்டுகளில் தாலி கட்டும் இடத்தைக் கவனித்துக் கேட்டால் ஒன்று தெரியும். கெட்டி மேளம் முழங்கி ஓய்ந்ததும் சில நொடிகளுக்கு யார் பேசுவதும் கேட்காது. அட்சதை விழுகிறது, வாத்தியார் ஏதோ சொல்கிறார், பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு யாரிடமோ பேசுகிறார். எதற்கும் சத்தம் இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மண்டபத்து இரைச்சல் மேலே வருகிறது. டேப் அந்த இடத்தில் தேய்ந்துவிட்டது என்றே எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். தேயவில்லை. சத்தத்தின் அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு ஒன்று கேமராவுக்குள் உண்டு. தவிலும் நாயனமும் சேர்ந்து வெடித்தவுடன் அது பதிவாகும் அளவைச் சட்டென்று இறக்கிவிடும். இறக்குவது ஒரு நொடியில். திரும்ப ஏற்றுவது நிதானமாக. அந்த இடைவெளியில் பேசியவர்களின் பேச்சு டேப்பின் இரைச்சலுக்குள் போய்விடுகிறது.

வேண்டாத சொல்லோ தும்மலோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டி மேளம். தவில்காரர் மூடி மறைப்பது மூன்று முடிச்சு விழும்வரைதான். கேமரா இன்னும் சற்று நேரம் மறைத்து வைக்கிறது. முதல் வாழ்த்தை யார் சொன்னார்கள் என்பது எந்தக் கேசட்டிலும் இல்லை என்று நினைக்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

திருச்சி, ஸ்ரீரங்கம் உறவுக்காரர்களின் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை என்னிடம் வந்து சேர்ந்ததிலிருந்து, சத்தம் தொலைகிற வழிகள்மேல் எனக்கு ஓர் ஈடுபாடு வந்துவிட்டது. மினி டிவி கேசட்டில் 12 பிட்டில் பதிவு செய்திருந்தால் இரண்டு ஜோடி ஒலித்தடங்கள் இருக்கும்; நேரில் கேட்டது முதல் ஜோடியில், பின்னால் சேர்ப்பதற்கென்று இரண்டாவது காலியாக. மெனுவில் யாரோ இரண்டாவதைத் தேர்ந்து வைத்திருந்தால் முழுக் கல்யாணமும் ஊமை. இன்னொரு வகை, ஹெட்போனில் நன்றாகக் கேட்டு, ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் அடியோடு காணாமல் போகும். மைக் ஒயரில் இணைப்பு மாறியிருந்தால் இடப்பக்க அலை மேலே போகும்போது வலப்பக்க அலை கீழே போகும். இரண்டையும் கூட்டினால் சுழி. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் மறுபக்கம் உடனே பேசத் தொடங்கும். இந்த ஒன்றைச் சரிசெய்யும்போதெல்லாம் எனக்குச் சின்னக் குழந்தையின் சந்தோஷம்.

ஆனால் நான் சொல்ல வந்தது விஎச்எஸ் பற்றி. அரை அங்குல டேப் அது. மேல் ஓரத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கோடு. அதில்தான் சாதாரண சத்தம். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் அந்த டேப் ஓடும் வேகம் நொடிக்கு 2.34 சென்டிமீட்டர், பாட்டு கேசட்டின் வேகத்தில் பாதிதான். அதனால் சத்தம் எப்போதும் மங்கல். மேல் ஓரம் மடங்கினால் படம் ஒழுங்காக இருக்கும், சத்தம் போய்விடும். பிறகு ஹை-ஃபை என்று ஒன்று வந்தது. சுழலும் ஹெட், படத்துக்கு அடியில், டேப்பின் உள்ளே ஆழத்தில் சத்தத்தை எழுதும். அதன்மேல் படம். இந்தச் சத்தத்தை மாற்ற வேண்டுமென்றால் படத்தையும் அழித்தாக வேண்டும். மேல் ஓரத்துக் கோட்டை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுதலாம்; டெக்கில் 'ஆடியோ டப்' பொத்தான் அதற்குத்தான்.

அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ என்றால் மிக்சிங் உண்டு. ஊஞ்சல், நலங்கு, ரிசப்ஷன் எல்லாவற்றுக்கும் சினிமாப் பாட்டு போட்டுத் தருவார்கள். என் அத்தை பெண்ணின் கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் நடந்தது. ஊஞ்சல் காட்சிக்கு இளையராஜா பாட்டு. வீட்டு விசிஆரில் அதைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தாலே அத்தை ஊஞ்சலை நினைத்துக்கொள்வாள். பல வருஷம் கழித்து அந்தக் கேசட்டை இரவல் வாங்கிய ஹை-ஃபை டெக்கில் போட்டேன். அத்தை பதறிப்போனாள்.

"பாட்டைக் காணோமேடா! கேசட்டை என்ன பண்ணினே?"

பாட்டு இல்லை. அந்த இடத்தில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நாயனக்காரர் விட்டு விட்டு வாசிக்கிறார். ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுகிறது. ஒரு குழந்தை போவன்ட்டோ கேட்டு அழுகிறது. "சத்தமாப் பாடுங்கோ மாமி, நாயனம் முழுங்கிடறது" என்கிறார் ஒருவர். அதற்குப் பதிலாக ஒரு குரல் ஊஞ்சல் பாட்டின் அடுத்த அடியை உச்சத்தில் எடுக்கிறது, மூச்சு வாங்கி நிற்கிறது, பக்கத்தில் இருப்பவர் சுருதி சேராமல் தொடர்கிறார். அத்தை எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். சமையலறையிலிருந்து சித்தியைக் கூப்பிட்டாள். அது என் பாட்டியின் குரல். பாட்டி பாடுவாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, நான் கேட்டதில்லை.

ஸ்டூடியோக்காரர் மேல் கோட்டில் பாட்டை ஏற்றியிருந்தார். அடியில் இருந்ததை அவரால் தொட முடிந்திருக்காது. வீட்டிலிருந்த சாதா விசிஆருக்கு அடியில் இருப்பதைப் படிக்கத் தெரியாது. அத்தனை வருஷமும் பாட்டி பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், அதே ஷெல்ஃபில், அதே கேசட்டில்.

இப்படிக் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலான கேசட்டுகளில் ஹை-ஃபை கிடையாது. சத்தம் போனால் போனதுதான். அப்போது நான் செய்வதற்கு இந்த ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1905இல் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டி வந்த துபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் ஏசுவின் வாழ்க்கைப் படத்தையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். பின்னாளில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டியவர் அவர்தான். அவர் கிளம்பிய அந்த ஊமைப் படக் காலத்தில் தென்னிந்தியாவில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார்; நான் சொன்ன முன்மாதிரி அவர்தான். எழுத்து வந்தால் படித்துக் காட்டுவார், சண்டை வந்தால் குரலை உயர்த்துவார். 1931இல் 'காளிதாஸ்' வந்து படம் தானே பேச ஆரம்பித்த பிறகு அந்தத் தொழில் மெல்லப் போய்விட்டது. அவர்கள் பேசியதை யாரும் பதிவு செய்யவில்லை. தமிழ்ச் சினிமாவின் தொடக்கத்தில் எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுவது இதுதான், தொலைந்துபோன படச்சுருள்களைவிட.

அதனால் சத்தம் போன கேசட் வந்தால், அந்தக் கல்யாணத்தில் இருந்த மூத்தவர்களை டிவி முன்னால் உட்கார வைத்துவிடுகிறேன். போனைப் பதிவில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடுவேன். யார் யார், என்ன பேசினார்கள், பந்தியில் என்ன தகராறு, எல்லாம் வரும். அதைப் படத்தோடு சேர்த்துத் தனி ஒலித்தடமாக வைத்துவிடுவேன். இதற்கு நாள் கடத்தக் கூடாது. விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபூனாயும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பழைய டெக்குகளுக்கு உதிரி பாகம் தேடுவதே பெரும்பாடு. கேசட்டைக் கடையில் கொடுப்பவர்கள், டெக்கில் ஹை-ஃபை ஒருமுறை, நார்மல் ஒருமுறை என்று இரண்டையும் தனித்தனியாக ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

அத்தைக்கு இரண்டையுமே கொடுத்திருக்கிறேன். பாட்டியின் குரல் உள்ளதும் வேண்டும், இளையராஜா பாட்டு உள்ளதும் வேண்டும் என்றாள்; அந்தப் பாட்டும் இப்போது அந்தக் கல்யாணத்தைச் சேர்ந்ததுதான். மேல் ஓரம் மடங்கி ஊமையாகிப்போன நலங்கு கேசட்டுக்கு அத்தையும் சித்தியும் சேர்ந்து பேசியிருக்கிறார்கள். பாதி முடிந்திருக்கிறது. பச்சைப் புடவையில் பன்னீர் தெளிக்கும் மாமி உறையூர்க்காரரா, லால்குடிக்காரரா என்பதில் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. இரண்டு பதிலையும் பதிவில் அப்படியே விட்டிருக்கிறேன்.