பழுதுநீக்கிய விமானமும் பரிசோதனை விமானியும்

பழுது நீக்கப்பெற்ற இயந்திரமொன்று உண்மையிலேயே செம்மையுற்றதா என்பதை, அதனை இயக்கிப் பார்த்தாலன்றி அறிதல் இயலாது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உழவு இயந்திரம் திருத்துவோர் இதனை நன்கறிவர். எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டிருந்த தொண்ணூறுகளில், மண்ணெண்ணெயில் ஓடிய நீரிறைக்கும் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே அதன் குறையை உணர்ந்த கைவினைஞர் வன்னியில் இருந்தனர். திருத்திய உழவு இயந்திரத்தை வீதியில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பர். குறையிருப்பின் அது வீதியோரத்தில் நின்றுவிடும். போர் விமானத்துக்கு அத்தகைய வீதியோரம் இல்லை.

இயந்திரம் மாற்றப்பட்டாலோ, செலுத்துகைக் கட்டுப்பாடுகள் கழற்றிப் பூட்டப்பட்டாலோ, பெரும் பராமரிப்பு முடிவுற்றாலோ, அவ்விமானத்தை முதலில் வானிலேற்றுபவர் பராமரிப்புப் பரிசோதனை விமானியாவார். அவரது பணி தரையிலேயே தொடங்குகின்றது. எது கழற்றப்பட்டது, எது புதிதாய்ப் பூட்டப்பட்டது என்பதைப் பதிவேட்டில் வாசிப்பதோடு, வேலைசெய்த தொழில்நுட்பவியலாளரிடமும் கேட்டறிகின்றார். மேலெழுந்தபின், முழங்காலிற் கட்டிய அட்டையிலுள்ள ஒழுங்கின்படி ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றார். மந்தமாய்ச் சுழலும் இயந்திரத்தை ஒரே தள்ளலில் முழுவலுவுக்குக் கொணர்ந்து, அது திணறுகின்றதா, வெப்பம் எல்லை மீறுகின்றதா என நோக்குகின்றார். மின்பிறப்பாக்கியை வேண்டுமென்றே நிறுத்துகின்றார். சக்கரங்களை அவசரகால வழியால் இறக்கிப் பார்க்கின்றார். வேகத்தைக் கூட்டிக் கைப்பிடியில் அதிர்வு தோன்றுகின்றதா என உணர்கின்றார். ஒற்றை இயந்திர விமானமாயின், இயந்திரம் நின்றுபோனாலும் சறுக்கி வந்து ஓடுபாதையை அடையக்கூடிய உயரத்திலும் தூரத்திலுமே இவற்றுட் கடினமானவை செய்யப்படும். ஏனைய விமானிகள் தம் விமானத்தை நம்பிப் பறக்கின்றனர். இவரோ நம்பாமற் பறக்கின்றார். (ஐயுறுதல் ஈண்டுக் குணக்கேடன்று, தொழிலறமே.) இறங்கியபின் அவர் இடும் கையொப்பமே அடுத்தவரின் நம்பிக்கைக்கு ஆதாரம்.

வரலாறு நினைவிற் கொள்வது பெரும்பாலும் புதிய விமானத்தை முதன்முதற் பறக்கச் செய்தவரையே. 1961 யூன் 17இல் இந்தியாவின் மாருத் ஜெட் விமானத்தைப் பெங்களூரில் முதலிற் செலுத்திய சுரஞ்சன் தாஸ் அத்தகையவர். அவரும் 1970இல் அவ்வின விமானமொன்றின் சோதனைப் பறப்பிலேயே உயிர்துறந்தார். பட்டறையினின்று மீண்ட பழைய விமானத்தைச் சோதிப்பவரின் பெயரோ, விபத்து நேர்ந்தாலன்றி வெளிவருவதில்லை. 2019 பெப்ரவரி 1ஆந் திகதி, பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் மேம்படுத்தப்பட்ட மிராஜ் 2000 விமானமொன்றை, விமானப்படை ஏற்பதற்கு முன்னான சோதனைக்கு எடுத்துச்சென்றனர் சமீர் அப்ரோல், சித்தார்த்த நேகி எனும் இரு ஸ்குவாட்ரன் லீடர்கள். விமானம் விபத்துக்குள்ளாயிற்று, இருக்கையோடு வெளியே வீசப்பட்டும் இருவரும் பிழைத்தாரில்லை.

இத்தொழிலைப் பற்றி எழுதுவோரின் வியப்பு பெரும்பாலும் விமானியோடு முடிந்துவிடுகின்றது. வன்னியில் வாழ்ந்தோர்க்கு அது அங்ஙனம் முடிதல் அரிது. இஸ்ரேலிற் செய்யப்பட்ட கிபிர் விமானங்கள் 1996இல் இலங்கை விமானப்படையிற் சேர்ந்தன. கட்டுநாயக்காவில் நிலைகொண்ட அவற்றின் பெயர், வன்னிப் பேச்சிலே குண்டுவீச்சு ஜெட் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. 2006 ஓகஸ்ட் 14இல் முல்லைத்தீவு மாவட்டத்து வள்ளிபுனத்தில், செஞ்சோலை வளாகத்திற் குண்டுகள் வீழ்ந்து பாடசாலை மாணவியர் பலர் மாண்டபோது வந்த விமானங்களும் முறையாகப் பராமரிக்கப்பட்டவையே. அவற்றின் பதிவேடுகளிலும் குறையில்லை என்ற கையொப்பம் இருந்திருக்கும். அதனை இட்டவர் தம் தோழரின் உயிர் காக்கவே இட்டார் எனக் கொள்ளலாம். ஆயினும், அக்கவனத்தின் பயன் யார் தலைமேற் சென்று சேர்ந்தது என்று வினவாமல் அதனைப் புகழ்தல் எங்ஙனம்?

விமானத்தின் ஒலியை உற்றுக்கேட்டல் விமானிக்கே உரிய பயிற்சியாகவும் இருக்கவில்லை. ஆளில்லா வேவு விமானத்தின் ஓயாத இரைச்சலுக்கு வன்னியில் 'வண்டு' என்று பெயர். வண்டுக்கும் கிபிருக்கும் உள்ள வேறுபாட்டை அங்குச் சிறுவரும் கண்ணாற் காணுமுன்பே செவியால் அறிந்தனர். கிபிரின் ஒலி தொலைவில் நின்று திரும்பித் தாழ்ந்து வரத் தொடங்கியதும், பாடத்தை இடையில் விட்டுப் பதுங்குகுழிக்கு ஓடினர்.