ஒயின்ஷாப்பில் கிடைக்காத ஒயின்!

எங்கள் கீழ்வேளூர்ப் பக்கத்தில் 'ஒயின்ஷாப்' என்றால் மூக்கு ஒழுகும் பையனுக்குக்கூட அர்த்தம் தெரியும். ஆனால் அங்கே போய், "ஒரு ஒயின் குடுங்கண்ணே!" என்று கேட்டுப் பாருங்கள்... கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். 'வெளியூரா?' என்று கண்ணாலேயே கேட்பார். பிராந்தி உண்டு, ரம் உண்டு, பீர் உண்டு. ஒயின் மட்டும் எப்போதாவது ஒரு மூலையில் தூசி படிந்து நிற்கும். 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. போர்டுதான் மாறியது, ஜனங்கள் வாயில் இன்னமும் 'ஒயின்ஷாப்'தான்!

போதாக்குறைக்கு எங்களுக்கு வாஞ்சூர் வேறு பக்கத்தில். நாகூர் தாண்டி ஒரு எட்டு வைத்தால் புதுச்சேரி மாநிலம், காரைக்கால் எல்லை. நாகப்பட்டினம் ஜில்லாவில் பிறந்த எந்த ஆம்பிளையிடமும் 'வாஞ்சூர்' என்று சொல்லுங்கள். ஒன்று சிரிப்பார், இல்லை அக்கம்பக்கம் பார்ப்பார். சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் பைக்கில் ஜோடி ஜோடியாகப் போகிறவர்களைப் பார்த்தால் ஏதோ திருவிழாவுக்குப் போகிற மாதிரியே இருக்கும். போகிறார்கள், நின்றவாக்கிலேயே ஊற்றிக்கொள்கிறார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். என்ன குடித்தோம், எப்படி இருந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவா போனார்கள்?

இந்தப் பின்னணியோடுதான் நான் நாசிக் போனேன்.

கல்யாணில் இருக்கிற என் மச்சினன் போனில் கூப்பிட்டான். "அத்தான், லீவு போட்டுட்டு வாங்க. நாசிக் போலாம்."

"என்னடா, பஞ்சவடியா?"

"பஞ்சவடியும்தான்..." என்று இழுத்தான். அந்த 'உம்'மில் விஷயம் இருந்தது. வீட்டில் பஞ்சவடி, த்ரயம்பகேஸ்வரர், கோதாவரி ஸ்நானம் என்று மூன்றை மட்டும் சொல்லி அனுமதி வாங்கினேன். மூன்றும் சத்தியமான உண்மை. நாலாவதை யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயம். ஒயின் திருவிழா என்றதும் கோடை லீவில் போகலாம் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டில் கோடை முடிகிற சமயத்தில் அறுவடை, அதையொட்டித் திருவிழா. நாசிக்கில் கதையே வேறு. அங்கே கொடியை வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து பண்ணுகிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை முடிந்து செப்டம்பர் - அக்டோபரில் ஒன்று. இரண்டாவது கவாத்துக்குப் பிறகு வருகிற குலைதான் பழம். குளிர்காலம் முழுக்க முற்றி, ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெட்டு. அதாவது, நமக்குத் தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கிற அதே சமயம்! ஏப்ரல், மே மாதம் போனால் மொட்டைக் கொடிக்கும் வெயிலுக்கும்தான் வணக்கம் சொல்ல முடியும். நான் போனது பிப்ரவரியில்.

திருவாரூர் வழியாக காரைக்காலிலிருந்து மும்பைக்கு வாரத்துக்கு ஒரு ரயில் போகிறது. அதைப் பிடித்துக் கல்யாண் போய், மறுநாள் காலை வேறு ரயில். கசாராவில் வண்டிக்குப் பின்னால் தள்ளுவதற்கு எஞ்சின் மாட்டினார்கள். மலை ஏறி இகத்புரி வந்ததும் காற்றே மாறிவிட்டது. கடல் மட்டத்துக்கு நாலு அடி மேலே படுத்துக் கிடக்கிற டெல்டாக்காரனுக்கு 600 மீட்டர் உயரம் என்றால் ஊட்டி மாதிரி!

பஞ்சவடியை முதலில் முடித்தோம். ராமகுண்டம், ஐந்து ஆலமரம், தவழ்ந்துபோக வேண்டிய சீதா குகை. தொப்பை வைத்த ஆபீஸ் ஆசாமிகள் குகைக்குள் போகும் முன் ஒருமுறை யோசிப்பது நல்லது. காளாராம் கோயிலுக்கும் போனோம். 1930-ல் அம்பேத்கர் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்தினாரே, அதே கோயில்தான். சூர்ப்பணகைக்கு மூக்கு அறுபட்ட இடம், நாசிகையிலிருந்து நாசிக் என்றார் ஆட்டோக்காரர். மறுநாள் அதே ஊரில் மூக்கைக் கிளாசுக்குள் விட்டு வாசனை பிடிக்கச் சொல்வார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஊரைத் தாண்டி கங்காபூர் அணைப் பக்கம் போனால் தண்ணீரைப் பார்த்தபடி சரிவு சரிவாகத் திராட்சைத் தோட்டம். அங்கேதான் சுலா. ராஜீவ் சாமந்த் என்பவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிள் கம்பெனியில் வேலை பார்த்து, வேண்டாம் என்று ஊருக்கு வந்தவர். குடும்ப நிலத்தில் மாம்பழம் போட்டுப் பார்த்தார், ரோஜா போட்டுப் பார்த்தார், கடைசியில் ஒயின் திராட்சை. கலிஃபோர்னியாவிலிருந்து கெர்ரி டாம்ஸ்கி என்ற ஒயின் நிபுணரைத் துணைக்குப் பிடித்தார். முதல் பாட்டில் 2000-ல் வெளியே வந்தது. அம்மா பேர் சுலபா. அதை வெட்டி 'சுலா'. இந்த மாதிரிப் பையன் நம் வீட்டில் இருந்திருந்தால், "அமெரிக்கா வேலையை விட்டுட்டுச் சாராயம் காய்ச்ச வந்திருக்கான்" என்று தெருவே சேர்ந்து அழுதிருக்கும். கம்பெனி 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது!

உள்ளே ஒரு பெண் எங்கள் பதினைந்து பேரை மேய்த்துக்கொண்டு போனாள். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு எவர்சில்வர் தொட்டிகள். திராட்சைச் சாறில் ஈஸ்டைப் போட்டால் அது சர்க்கரையைத் தின்றுவிட்டு ஆல்கஹாலைக் கொடுக்கும். வெள்ளை ஒயினுக்குச் சாறு மட்டும், குளிரவைத்துப் புளிக்க விடுகிறார்கள். சிவப்புக்குத் தோலோடு ஊறவேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான். அப்புறம் ஓக் மர பீப்பாய்கள் வரிசையாகத் தூங்குகிற ஒரு இருட்டு ஹால். எல்லோரும் தானாகவே மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். மூலஸ்தானத்தில் நிற்கிற மாதிரி ஒரு அடக்கம்!

பிறகு ருசி பார்ப்பது. கிளாசில் ரெண்டு மடக்குதான் ஊற்றுகிறார்கள். சாய்த்து நிறம் பார், சுழற்று, மூக்கை விட்டு மோந்து பார், அப்புறம் வாயில் வைத்து உருட்டு என்று வரிசையாகப் பாடம். "இந்த ஸாவின்யான் ப்ளாங்கில் கொய்யா வாசனை வருதா? பச்சைக் குடமிளகாய் வருதா?" என்று கேட்டாள் அந்தப் பெண். கூட்டமே தலையாட்டியது. என் மச்சினன் காதோடு சொன்னான்: "அத்தான், எனக்கு நம்ம வீட்டு நீராகாரம் வாசனைதான் வருது."

சிரித்தாலும் அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. புளிப்பது என்றால் நீராகாரமும் புளிப்பதுதானே! அது கிடக்கட்டும். பக்கத்து மேஜையில் ஒரு அப்பா, அம்மா, கல்யாணமான மகள், மாப்பிள்ளை. மாமனாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பாட்டிலைப் பற்றி விவாதிக்கிறார்கள்! வாஞ்சூரில் மாமனாரைப் பார்த்தால் மாப்பிள்ளை பைக்கைக்கூட விட்டுவிட்டு ஓடுவான். அதிகமாகக் குடித்தவர் ஒருவரைக்கூட அந்தச் சாயங்காலம் நான் பார்க்கவில்லை. ஊரே ஒழுக்கம் என்று சொல்லவில்லை. விலையைப் பார்த்தாலே பாதி போதை இறங்கிவிடுகிறது, அதுவும் ஒரு காரணம்.

வெட்டு சீசனில் வந்தால் திராட்சை மிதிக்கலாம். மரத்தொட்டியில் பழத்தைக் கொட்டி, காலைக் கழுவிவிட்டு இறங்கி, பாட்டுக்கு ஏற்ப மிதிக்க வேண்டியது. ஐ.டி. ஆபீஸ் பையன்களும் பெண்களும் கெண்டைக்கால் வரை கறையோடு குதித்தார்கள். போட்டோவுக்காகத்தான் இது, நிஜப் பிழிசல் எல்லாம் மெஷின்தான், பயப்படாதீர்கள். 2008-லிருந்து சுலாஃபெஸ்ட் என்று ஒரு பாட்டுத் திருவிழாவும் நடத்துகிறார்கள். புல்வெளிப் படிக்கட்டு அரங்கத்தில், பெரும்பாலும் பிப்ரவரி ஆரம்பத்தில். கோவிட் வந்து சில வருஷம் நின்றுபோய் 2025-ல் மறுபடி நடந்தது.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் பட்டது, வெளியே வந்து டீக்கடையில் பார்த்த விவசாயி. ஐந்து ஏக்கரில் ஒயின் திராட்சை போட்டிருக்கிறார். மச்சினன் இந்தியில் மொழிபெயர்க்க, அரை மணி நேரம் பேசினோம்.

கம்பெனியோடு ஒப்பந்தம். கிலோவுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேச்சு. வெட்டுக்கு நாள் குறிப்பது அவரில்லை, சர்க்கரை. ஒரு சின்னக் குழாய் மாதிரிக் கருவியில் ஒரு சொட்டு சாறு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்கள். 'ப்ரிக்ஸ்' என்று அளவு. இருபதுக்கு மேலே வரவேண்டும். "அது ஏறலைன்னா அன்னிக்கு வெட்டு கிடையாது. அதுக்குள்ள மழை வந்தா நான் போச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. எங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இதே சீன்தான்! அங்கே ஈரப்பத மீட்டர். பதினேழு சதவீதத்துக்கு மேலே காட்டினால் திரும்பக் காயப் போடு. மூட்டையை அடுக்கிவைத்துக்கொண்டு, தை மாசம் மேகம் கறுத்தால் தார்ப்பாய்க்கு ஓடுகிற சித்தப்பாவை நான் பார்த்திருக்கிறேன். கருவி வேறு, பயம் ஒன்றுதான்.

"உங்க நெல்லை யார் வாங்குறாங்க?" என்று அவர் கேட்டார். சர்க்கார் என்றேன். "பரவாயில்லையே! சர்க்கார் ஓடிப்போகாது" என்றார். அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலே என்பவர் 1980-களிலேயே இண்டேஜ் என்ற ஒயின் கம்பெனி நடத்தினார். நுரை பொங்கும் 'ஓமர் கய்யாம்' ஒயின் அவர்களுடையதுதான், வெளிநாட்டுக்கெல்லாம் போனது. 2008 மந்தத்துக்குப் பிறகு கம்பெனி கடனில் மூழ்கியது. அந்தக் காலகட்டத்தில் மகாராஷ்டிராவில் நிறைய விவசாயிகள் ஒயின் கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சாப்பிடுகிற திராட்சைக்கு மாறினார்கள். ஒயின் திராட்சையில் விதையும் புளிப்பும் அதிகம்; கூடையில் வைத்து விற்கவா முடியும்? கம்பெனி வாங்கவில்லை என்றால் குப்பைதான்.

கூலியைப் பற்றியும் கேட்டேன். வெண்மணி இருக்கிற தாலுகாக்காரன், கேட்காமல் வரமுடியாது. 1968-ல் அரைப்படி நெல் கூடக் கேட்ட பிரச்னையில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்திய ஊர் எங்களுக்குப் பக்கம். குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் பேட், சுர்கானா பக்கத்து ஆதிவாசி ஜனங்கள். சீசனுக்கு வந்து சீசனோடு போய்விடுகிறார்கள். "அவங்க இந்த ஒயினைக் குடிச்சிருப்பாங்களா?" என்றேன். விவசாயி சிரித்தார். "நானே ரெண்டு தடவைதான் குடிச்சிருக்கேன்!"

2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை, சூப்பர் மார்க்கெட்டிலும் ஒயின் விற்கலாம் என்று முடிவு எடுத்தது. விவசாயிக்கு நல்லது என்றார்கள். அண்ணா ஹஜாரே உண்ணாவிரதம் இருப்பேன் என்றார். அத்தோடு விஷயம் ஊறப்போட்டது போலத்தான் ஆயிற்று. டீக்கடைக்காரரைப் பொறுத்தவரை இரண்டு பக்கமுமே அவரைக் கேட்காமல் பேசுகிறவர்கள்.

திரும்பி வருகிற ரயிலில் மச்சினன் ஆரம்பித்தான்: "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு போட்டா என்ன அத்தான்?"

போட முடியாது. எங்கள் மண் களிமண். தண்ணீர் நின்றால்தான் அதற்குச் சந்தோஷம். திராட்சை வேருக்குத் தண்ணீர் நின்றால் ஜென்ம விரோதம். காரைக்காலில் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். ஒயின் இல்லாமல் சாப்பிடாத ஜாதி. அவர்களே இங்கே ஒயின் தோட்டம் போடவில்லை, பாட்டிலைக் கப்பலில்தான் வரவழைத்தார்கள். அதற்கும் முன்னால், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே யவனர்கள் ஜாடி ஜாடியாகக் கொண்டுவந்து இறக்கிய உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. ஆக, இந்தக் கரைக்கு ஒயின் எப்போதுமே விருந்தாளிதான். தமிழ்நாட்டில் திராட்சை வேண்டுமானால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளைகிற பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது.

எங்கள் மண்ணின் சரக்கு பனையிலும் தென்னையிலும் இருக்கிறது. பாளையிலிருந்து வடிவது, ஈஸ்ட் வாங்கிப் போடவேண்டாம், சில மணி நேரத்தில் தானாகவே புளிக்கிறது. அதற்கு 1987-லிருந்து தமிழ்நாட்டில் தடை. பக்கத்துக் கேரளாவில் கள்ளுக்கடையில் குடும்பத்தோடு உட்கார்ந்து கப்பையும் மீனும் சாப்பிடுகிறார்கள். இங்கே பனை ஏறுகிறவர் இறக்கினால் கேஸ். ஃபாக்டரியில் காய்ச்சிய ஸ்பிரிட்டில் கலர் கலந்து விற்றால் அரசாங்க வருமானம். குடிக்கவேண்டும் என்று நான் பிரசாரம் பண்ணவில்லை. என் தெருவிலேயே குடியால் அழிந்த வீடுகள் மூன்றை எனக்குத் தெரியும். அந்த மூன்று வீட்டையும் அழித்தது கள்ளில்லை என்பதும் தெரியும்.

போக ஆசைப்படுகிறவர்களுக்கு: மும்பையிலிருந்து நாசிக் ரோடு ஸ்டேஷன் ரயிலில் மூன்றரை, நாலு மணி நேரம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் ஆரம்பம் வரை நல்ல சமயம். ராத்திரிக் குளிர் நிஜக் குளிர், ஸ்வெட்டர் வேண்டும். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது, வாரநாளில் போங்கள். வண்டி ஓட்டுகிறவர் ருசி பார்க்கும் மேஜைக்கு வரக்கூடாது. 2027-ல் அங்கே கும்பமேளா, ஊரில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். த்ரயம்பகேஸ்வரரையும் மறக்காமல் பார்த்துவிட்டுப் பிரசாதம் வாங்கி வந்துவிடுங்கள். வீட்டில் முதலில் கேட்பது அதைத்தான்!