இடிபாடும் வீணாகாத ஆலயம்

அமெரிக்காவிலே, சிக்காகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் எவன்ஸ்ரன் என்னும் ஊர் உளது. அங்கே யூதச் சபையொன்று 2008ஆம் ஆண்டிற் கட்டி முடித்த தொழுகைக் கூடத்தைக் காணச் சென்றோம்.

புறச்சுவரெங்கும் பழைய சைப்பிரசு மரப்பலகைகள். வேறிடத்தில் உழைத்துக் கழிந்தவை. சுற்றுப்புறத்தே கம்பிக் கூடைகளிற் கொங்கிறீற்றுத் துண்டுகள் நிறைந்திருந்தன. அவை இதே நிலத்தில் நின்ற பழைய கூடத்தின் இடிபாடுகளாம்! பழையதை இடித்தது வீணன்றோ என எழுந்த எம் ஐயத்திற்கு அக்கூடைகளே விடை கூறின. இடிந்தது மீண்டுஞ் சுவராயிற்று.

பகைவர் நகரை முற்றுகையிடும் படையும் அங்குள்ள கனிமரங்களை வெட்டலாகாது என்பது மோசேயின் சட்டம். பிற்கால யூத அறிஞர், எப்பொருளையும் வீணே அழித்தலாகாது என அதனை விரித்தனர். கரிப்புகையால் உலகஞ் சூடேறும் இந்நாளில், விளக்கிற்கும் வெப்பமூட்டுதற்குஞ் செலவாகும் எரிபொருளைக் குறைத்தலும் அவ்வறத்துள் அடங்குமென இச்சபையார் கொண்டனர். பசுமைக் கட்டடங்களுக்குரிய ‘லீட்’ தரத்தில் உச்சப்படியாகிய பிளாற்றினம் பெற்ற முதல் யூத ஆலயம் இதுவே.

பகைவர் மரத்துக்கும் இரங்கிய அறம், இனிப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளுக்கும் இரங்குகின்றது என எண்ணியவாறே திரும்பினோம்.