ஆறினால் கிளம்பும்!

மனிதர்களில் பெரும்பாலோருக்குக் காலையில் எழுந்திருப்பதுதான் கஷ்டம். எழுந்து நடமாடி உடம்பு சூடேறிவிட்டால் வேலை தானாக ஓடும். மோட்டார் வண்டிகளும் அநேகமாக இந்த ஜாதிதான். ஆனால் நேர் விரோதமான சுபாவம் படைத்த வண்டிகளும் உலகில் உண்டு. விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிக் கால் மணி நேரம் நின்றதோ, போச்சு! அப்புறம் எத்தனை கெஞ்சினாலும் உறுமுமே ஒழிய உயிர் பெறாது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடவாததுபோல் ஓடும்.

நம் வீட்டு வண்டி இந்த ரகம். முப்பது வயதைத் தாண்டியது, கார்புரேட்டர் வைத்தது, தகப்பனார் காலத்துச் சொத்து. அதன் பிடிவாதத்தைச் சிரித்துக்கொண்டே பொறுத்திருப்போம். ஆனால் நம் தாயாருக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தி செய்தாக வேண்டும். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்துவிட்டு, துவண்ட கொடிபோல் வந்து வண்டியில் ஏறுவார். வழியில் மருந்துக் கடையில் பத்து நிமிஷம் நிறுத்த வேண்டியிருக்கும். அங்கேதான் வண்டி தன் குணத்தைக் காட்டும். கத்திரி வெயிலில், நடுத்தெருவில், அந்த வண்டிக்குள் அவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது ஒரு நாள் அல்ல, மூன்று நாள். மூன்றாவது நாள் இரவு, "சனிக்கிழமை ஒரு நாள் போகாவிட்டால்தான் என்னடா?" என்றார். அந்தக் கேள்வி நம்மைத் தூங்கவிடவில்லை.

யோசனை சொல்பவர்களுக்கு நம் நாட்டில் எப்போதுமே பஞ்சமில்லை. "இரும்புக் கடையில் போடுங்கள்" என்றார் அடுத்த வீட்டுக்காரர். ஒரு பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள், குணம் மாறவில்லை. அடுத்தபடி மின்சாரக் காயிலை மாற்ற வேண்டும் என்றார்கள். வீட்டு எஜமானியோ, "இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பெளதிகம் சொல்லிக் கொடுக்கிறீர்களே, அதை இந்த வண்டியிடம் கொஞ்சம் காட்டக் கூடாதா?" என்று கேட்டார். கேள்வியில் குத்தல் இருந்தாலும் நியாயமும் இருந்தது.

என்ஜின் நின்றதும் அது குளிரத் தொடங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மை வேறு. ஓடும்போது விசிறியும் தண்ணீர்ப் பம்பும் உஷ்ணத்தை ஓயாமல் வெளியேற்றுகின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். கொதிக்கும் இரும்பில் தேங்கிய சூடு சுற்றிலுமுள்ள குழாய்களிலும் கார்புரேட்டரிலும் ஏறும். ஆகவே நிறுத்திய சிறிது நேரத்திற்கு மூடிக்கு அடியில் உஷ்ணம் அதிகமாகுமே தவிரக் குறையாது. பெட்ரோலோ பல திரவங்களின் கலவை. அதிலுள்ள இலேசான பகுதிகள் 40 டிகிரிக்கும் குறைவான சூட்டிலேயே கொதிக்கக் கூடியவை.

இவ்வளவு தெரிந்தால் போதாது. நம் வண்டியின் நோய் எது என்று நிச்சயிக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு வயோதிக மேஸ்திரி இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயாரை வீட்டில் விட்டுவிட்டு அவருடன் புறப்பட்டோம். பதினான்கு கிலோமீட்டர் ஓட்டி, பத்து நிமிஷம் நிறுத்திச் சாவியைத் திருப்பினோம். வழக்கம்போல் கிளம்பவில்லை.

முதல் கேள்வி: ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறதா? சூட்டில் அது தள்ளாடினால் குற்றம் ஸ்டார்ட்டரிலோ கம்பிகளிலோ இருக்கும். இங்கே அது நன்றாகவே சுற்றியது. ஆக, பேட்டரியின்மேல் சுமத்திய பழி வீண்பழி.

"ஸார், பிளக்கைக் கழற்றி மோந்து பாருங்க. ஈரமா இருக்கா, காஞ்சு இருக்கா?" என்றார் மேஸ்திரி. நோயின் மர்மமெல்லாம் இந்த ஒரு கேள்வியில் அடக்கம். ஈரமாக இருந்தால், சூட்டில் கார்புரேட்டர் பொங்கிப் பெட்ரோல் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது. அப்போது ஆக்ஸிலரேட்டரைப் பலமுறை மிதிக்காமல், ஒரேயடியாக அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். காற்று புகுந்து மிகுதியை வெளியேற்றும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவேயில்லை. நம் பிளக்கு எலும்புபோல் காய்ந்திருந்தது. அடுத்து, பெட்ரோல் வாடை இல்லாத இடமாகப் பார்த்துப் பொறியைச் சோதித்தார். நீலமாகப் பளிச்சென்று வந்தது. காயிலும் நிரபராதியாயிற்று.

மிஞ்சியது பெட்ரோல் வரும் வழி. கைப்பம்பில் காற்று புகுந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் வராதல்லவா? அதுபோல, குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பு அந்த ஆவியை அமுக்கி அமுக்கி விளையாடுமே தவிர, திரவத்தை இழுக்காது. மேஸ்திரி ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின்மேலும் குழாயின்மேலும் சுற்றினார். பழைய டாக்ஸி டிரைவர்கள் கைகண்ட வைத்தியம் இது. ஐந்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிட்டது!

மேஸ்திரிக்குத் திருப்தி, உபாத்தியாயருக்கு இல்லை. துணியால் கிளம்பியதா, ஐந்து நிமிஷம் கழிந்ததால் கிளம்பியதா? மறுபடி அதே தூரம் ஓட்டி, அதே பத்து நிமிஷம் நிறுத்தி, துணியில்லாமல் ஐந்து நிமிஷம் கூடுதலாகக் காத்திருந்தோம். கிளம்பவில்லை. துணியைச் சுற்றினோம், கிளம்பியது. "நீங்க வாத்தியார்தான் ஸார்!" என்று சிரித்தார் மேஸ்திரி.

பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு குழாய் வரும் வழியைப் பார்த்தோம். புகை வெளியேறும் சூடான குழாய்க்கு இரண்டு விரற்கடை தூரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது! அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய கிளிப்பு, முன்பு எப்போதோ நடந்த மராமத்தில் மாயமாய் மறைந்திருக்கிறது. மேஸ்திரி குழாயை விலக்கிக் கட்டி, நடுவில் ஒரு தகரத்தை மறைப்பாக வைத்தார். செலவு பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

எல்லா வண்டிக்கும் இதே மருந்து பலிக்கும் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. காயிலோ கண்டென்ஸரோ சூட்டில் மட்டும் செயலிழப்பதுண்டு. வால்வுகளின் இடைவெளி குறைந்தாலும் இதே தொல்லைதான். இக்காலத்து வண்டிகளில் கார்புரேட்டரே கிடையாது. அவற்றில் உஷ்ணத்தை அறிவிக்கும் கருவி பொய் சொல்லலாம். குழாயில் நிற்க வேண்டிய அழுத்தம் கசிந்து போகலாம். நோய் எதுவானாலும் விசாரிக்கும் முறை ஒன்றே: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. இரண்டை ஒருங்கே மாற்றினால் வண்டி குணமானாலும் நமக்கு ஞானம் வராது.

அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மருந்துக் கடையில் பன்னிரண்டு நிமிஷம் நிறுத்தினோம். சாவியைத் திருப்பியதும் என்ஜின் கிளம்பிற்று. தாயார் கண்ணை மூடியபடியே, "செவ்வாய்க்கிழமை கொஞ்சம் சீக்கிரமே புறப்படலாமடா" என்றார்.