கடைசல் மெசினும் நானும்

2016ஆம் ஆண்டு ஆவணி மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த என் மச்சாள், பாரமான ஒரு மரப்பெட்டியை எங்கள் வீட்டுத் திண்ணையில் இறக்கி வைத்தாள். அவள் இருக்கும் இடத்தில் பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் மரத்தில் சிறிய கப்பல்கள் செய்து பொழுதைப் போக்கி வந்தாராம். கண் மங்கியபின் தன்னுடைய சாமான்களை அவளிடம் கொடுத்திருக்கிறார். "மாமா கப்பல் வேலை செய்தவர்தானே, அவருக்குப் பிரயோசனப்படும்" என்று தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு சின்னக் கடைசல் மெசின். நீளம் ஒன்றரை முழம் கூட வராது. தையல் மெசினை விடச் சிறியது. ஒரு அடி நீளத் தடியை இரண்டு முனைகளுக்கு இடையில் பிடித்துச் சுழற்றும். 12 வோல்ற்றில் ஓடும் மோட்டர் என்பதால் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்க ஒரு பெட்டியும் கூட இருந்தது. ஐந்து சிறிய உளிகளும் இருந்தன.

ஐயா அதைத் தடவிப் பார்த்தார். வல்வெட்டித்துறையில் அவரும் அவருடைய தகப்பனும் மரவேலையிலேயே காலம் கழித்தவர்கள். ஆனால் அந்த நேரம் ஐயாவின் இரண்டு கண்களும் முக்கால்வாசி போய்விட்டன. "இது எனக்கு இல்லை மோனை. நீ பழகு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்குக் காரணம் இருந்தது. 2009ஆம் ஆண்டு பங்குனியில் வன்னியில் என் கணவரை இழந்தேன். சித்திரையில் எறிகணைச் சிதறல் ஒன்று என் இடது கையைக் கிழித்தது. முகாமிலிருந்து நாலு வயது மகனுடன் ஐயாவிடம் திரும்பி வந்தபோது அந்தக் கையில் மோதிர விரலும் சின்ன விரலும் மடங்காமல் விறைத்திருந்தன. தையல் பயிற்சிக்குப் போனேன். துணியை இழுத்துப் பிடிக்க முடியாமல் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன். பிறகு மிளகாய்த்தூள் இடித்து விற்றேன். இந்தக் கையோடு உளி பிடிப்பதா?

இன்னொரு காரணமும் உண்டு. அதை ஐயாவிடம் சொல்லவில்லை. மச்சாள் மெசினைப் போட்டுக் காட்டியபோது அது மெல்லிய குரலில் இடைவிடாமல் இரைந்தது. வன்னியில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆளில்லா வேவு விமானத்தை நாங்கள் 'வண்டு' என்றுதான் சொன்னோம். அதே இரைச்சல். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். கை நடுங்கியது. பெட்டி ஐந்து மாதம் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

அதை வெளியே எடுத்தவன் என் மகன். பம்பரம் ஒன்று வேண்டுமாம். ஒரு பின்னேரம் ஐயா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். "மெசினைப் போடாதை. முதலிலை கையாலை சுத்து" என்றார். பூவரசந் தடி ஒன்றைப் பிடித்து, கையால் சுழற்றி, அது உளித்தாங்கியில் தட்டாமல் சுற்றுகிறதா என்று பார்க்கச் செய்தார். மூன்று நாட்கள் கையால் சுழற்றுவதுதான் என் வேலை. நாலாம் நாள் நானே சுவிச்சைப் போட்டேன். இரைச்சல் வந்தது. ஐயா, "இப்ப உளியைத் தொடு" என்றார். உளி மரத்தில் பட்டதும் அந்த இரைச்சல் வேறு சத்தமாக மாறியது. அன்று முதல் நான் மோட்டரின் சத்தத்தை விட்டு மரத்தின் சத்தத்தைக் கேட்கப் பழகினேன். பயம் ஒரே நாளில் போனது என்று பொய் சொல்லமாட்டேன். சில நாட்களில் இப்போதும் நிறுத்திவிட்டு வெளியே போய் நிற்பேன்.

முதல் மாதம் மரங்களைப் பாழாக்கினேன். உளி மரத்தைக் கடித்துக்கொண்டு தடியைப் பிளந்து எறிந்துவிடும். கண் தெரியாத ஐயா திண்ணையில் இருந்தபடியே பிழையைச் சொல்வார். "சத்தம் மாறிப்போச்சு மோனை, நிப்பாட்டு. நீ மரத்தோடை சண்டை பிடிக்கிறாய். உளியின்ரை முதுகை முதலிலை மரத்திலை சாத்து. பிறகு பிடியை மெல்ல உயத்து. வெட்டு தானா வரும்."

அதுதான் இந்தத் தொழிலின் பாதி. உளியின் நுனியை நேரே குத்தினால் கடிக்கும். முதுகு மரத்தில் உரசியபடி இருக்க, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் சீவல் நூல்போல் சுருண்டு வரும். என் இடது கைக்கும் ஐயாதான் வழி சொன்னார். விரலால் பிடிக்க வேண்டாம், உள்ளங்கையை மேலே வைத்து உளியைத் தாங்கியோடு அமத்து என்றார். மடங்காத இரண்டு விரல்களும் தாங்கிக்கு வெளியே நீட்டியபடி நிற்கும். அவற்றால் ஒரு இடைஞ்சலும் வரவில்லை.

பழக விரும்பும் சகோதரிகளுக்காகச் சில விடயங்களைச் சொல்கிறேன். தடியின் இரண்டு அந்தலையிலும் மூலைக்கு மூலை கோடு கீறினால் கோடுகள் வெட்டும் இடம்தான் மையம். மையம் பிசகினால் மெசின் முழுவதும் அதிரும். சதுரத் தடியின் நாலு மூலைகளையும் முதலில் சீவி எட்டு முகமாக்கினால் உளி கடிப்பது குறையும். பருத்த மரத்தை மெதுவாகவும் மெல்லிய மரத்தை வேகமாகவும் சுழற்ற வேண்டும். உளித்தாங்கி மரத்துக்கு மிகக் கிட்ட இருக்கவேண்டும். அதை அசைப்பதென்றால் மெசினை நிறுத்திவிட்டுத்தான் அசைக்க வேண்டும். அரத்தாள் போடும்போது தாங்கியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் விரல் இடையில் அகப்படும்.

இன்னொன்று, நாங்கள் பெண்கள் என்பதால் முக்கியமானது. தலைமயிரை இறுகக் கட்டுங்கள். சங்கிலி, காப்பு, தாவணி, தொங்கும் சட்டைக் கை எதுவும் வேண்டாம். கையுறை பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். சுழலும் மரம் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் கட்டாயம்.

பம்பரத்தில் தொடங்கி, கப்பல் சாமான்களுக்கு வந்தேன். சிறிய தண்ணீர்ப் பீப்பா, நங்கூரக் கயிறு சுற்றும் உருளை, கயிறு கட்டும் கட்டைகள் எல்லாம் கடைசலில் வருபவை. ஒரு கப்பலுக்கு ஒரே அளவில் முப்பது நாற்பது கட்டைகள் வேண்டும். ஒன்றை ஒழுங்காகக் கடைவது சுலபம். நாற்பதையும் ஒன்றுபோல் கடைவதுதான் தொழில். தகரத்தில் அளவு வெட்டி, ஒவ்வொன்றையும் அதில் வைத்துப் பார்ப்பேன்.

பிறகு ஐயா தன் மனதில் இருந்ததைச் சொன்னார். "அன்னபூரணியைச் செய்."

எங்கள் ஊரார் அறிந்த கதைதான் அது. வல்வெட்டித்துறையில் கட்டிய அந்த இரட்டைப் பாய்மரக் கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அவர் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று அது பெயர் மாறியது. எங்கள் ஊர்க் கடலோடிகள் அதைச் சூயஸ் கால்வாய் வழியாகவும் மத்தியதரைக் கடல் வழியாகவும் செலுத்தி, அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கப்பலின் நீளம் 89 அடி என்று சொல்வார்கள். ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்குப் பார்த்தால் இருபத்திரண்டேகால் அங்குலம். உடலைச் செய்ய அடிமரமும் வங்குகளும் வெட்டி, பலகை ஒட்டினோம். அதிலே மகனும் உதவினான். சிக்கல் பாய்மரத்தில் வந்தது. என் மெசினில் ஒரு அடிக்குமேல் பிடிக்காது. அதோடு மெல்லிய நீளத் தடி சுழலும்போது நடுவில் வில்லாக வளைந்து துடிக்கும். நாலு தடி முறிந்தது. அழுகை வந்தது.

ஐயா கேட்டார், "பெரிய கப்பலிலை பாய்மரம் ஒரே மரமோ?" இல்லை. கீழ்மரம் ஒன்று, அதன் தலையோடு சேர்த்துக் கட்டிய மேல்மரம் ஒன்று. பெரியவர்கள் செய்ததுபோல நானும் துண்டாகச் செய்தேன். நடுவில் துடிப்பதற்கு, தடிக்குப் பின்னால் தோல் துண்டு ஒட்டிய சிறு மரக்கவர் ஒன்றை முட்டுக் கொடுத்தோம். பாதியைக் கடைந்து, திருப்பிப் போட்டு மற்றப் பாதியைக் கடைந்தேன். முன் பாய்மரத்தில் குறுக்குமரங்கள் வரும், பின் பாய்மரத்தில் நீளப்பாட்டுப் பாய் வரும். முடிந்ததை ஐயா அடியிலிருந்து நுனிவரை விரலால் உருவிப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இதிலை ஒரு மேடு" என்றார். என் கண்ணுக்கு அது தெரியவேயில்லை. அரத்தாள் போட்டேன்.

2019 தைப்பொங்கலுக்குப் பட்டத் திருவிழா பார்க்க வெளிநாடுகளிலிருந்து ஊரவர் பலர் வந்திருந்தார்கள். பட்டணத்துக் கடை ஒன்றில் கப்பலை விற்பனைக்கு வைக்கக் கேட்டோம். கடைக்காரர் நல்ல விலை சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை. "பொம்பிளை செய்தது எண்டால் விலை போகாது. ஐயாவின்ரை கைவேலை எண்டு எழுதுவம்."

எனக்குக் காசு தேவை. மகனின் படிப்புச் செலவு, கூரை ஓடு, கடன். நான் தலையாட்டினேன். என் பெயர் எங்கே எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்றுதான் அப்போது தோன்றியது. ஐயா கோபித்தார். "நான் உளி தொட்டு ஏழெட்டு வருசம். செத்தாப் பிறகு எனக்குப் புகழ் வேண்டாம். உயிரோடை இருக்கிறவள் செய்தது எண்டு எழுதுங்கோ. இல்லாட்டில் திருப்பித் தாங்கோ."

கப்பலைத் திருப்பி எடுத்து வந்தோம். சைக்கிள் பின்கரியரில் அதைக் கட்டி உருட்டிக்கொண்டு வந்த வழி முழுக்க எனக்கு ஐயாமேல் ஆத்திரம். அந்த மாதக் கடனுக்கு வட்டி கட்ட ஒரு சோடித் தோட்டை அடகு வைத்தேன். இரண்டு கிழமை கழித்து, ஊருக்கு வந்திருந்த குடும்பம் ஒன்று வீடு தேடி வந்து கப்பலை வாங்கியது. கடைக்காரர் சொன்னதைவிடக் குறைந்த விலைதான். வாங்கிய அம்மா கேட்டபடியால் அடிமரத்தின் கீழே ஊசியைச் சூடாக்கி என் பெயரைச் சுட்டுக் கொடுத்தேன்.

ஐயா 2021இல் காலமானார். அடுத்த ஆண்டு நாடு முழுவதும் மின்சாரம் இல்லாமல் தவித்தது. 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டு. மின்சாரம் வந்த நேரம் நள்ளிரவானாலும் எழும்பி வேலை செய்தேன். அக்கம்பக்கம் குறைப்பட்டார்கள், கட்டைகள் செய்வதைப் பகலுக்கு ஒதுக்கிவிட்டு, இரவில் அரத்தாள் வேலை மட்டும் பார்த்தேன்.

இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெரிய கப்பலுக்கு மூன்று மாதம் போகிறது. இடையில் பம்பரம், சப்பாத்திக் கட்டை, தொட்டில் குண்டு கடைகிறேன். அவைதான் மாதச் செலவுக்கு உதவுகின்றன. மிளகாய்த்தூளையும் விடவில்லை.

இப்போது கிழமையில் இரண்டு நாள் இரு சகோதரிகள் பழக வருகிறார்கள். ஒருவருக்கு ஒரு கால் இல்லை. இருந்தபடியே செய்யக்கூடிய வேலை என்பதால் மெசினைத் தாழ்ந்த மேசையில் பூட்டிக் கொடுத்தேன். மற்றவர் முதல் நாள் மோட்டர் இரைந்ததும் காதைப் பொத்தினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சுவிச்சை நிறுத்திவிட்டு, "முதலிலை கையாலை சுத்துங்கோ தங்கச்சி" என்றேன். இந்தக் கிழமையும் அவர் கையால்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார். அவசரமில்லை.